சோலார் பேனலுக்கு முன்னால் மோட்டார் ரூமைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில், சுமார் அறுபதாயிரம் பேர் வசிக்கும் நகராட்சி. ஆபீஸ் மாடியில் 20 கிலோவாட் சோலார் போடத் தீர்மானம் நிறைவேறி, "பசுமை நகரம்" என்று பேனரும் வைத்துவிட்டார்கள். இதனால் ஊர் உண்மையிலேயே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறிவிடுமா, இல்லையென்றால் ஒரு சின்ன ஊர் வேறு என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நகராட்சி தன் முதல் ரூபாயை எங்கே போட வேண்டும் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் எரிசக்தித் தணிக்கை வேலையில் பல வருடங்களாக இருப்பவன். அதிகம் பார்த்தது குடிநீர் நீரேற்று நிலையங்களும் தெருவிளக்குகளும். அதனால் என் பதில் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். வீடுகளைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள்.

முதலில் "ஊர் மின்சாரம்" என்றால் எது என்று பிரித்துக்கொள்வோம். வீடு, கடை, மில், மண்டபம் எல்லாம் சேர்ந்து பயன்படுத்துவதுதான் பெரும்பகுதி. அதன் மீது நகராட்சிக்கு நேரடி அதிகாரம் கிடையாது. நகராட்சி தன் கையால் பில் கட்டுவது குடிநீர் ஏற்றும் மோட்டார்கள், தெருவிளக்கு, பாதாளச் சாக்கடை இருந்தால் அதன் சுத்திகரிப்பு நிலையம், அப்புறம் அலுவலகம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் ஸ்டாண்டு போன்றவற்றுக்குத்தான். இவற்றில் ஆபீஸ் கட்டடம் கடைசி வரிசை. நான் பார்த்த ஊர்களில் தண்ணீரும் விளக்கும்தான் பில்லை நிரப்பும். ஆனால் மாடியில் தெரியும் பேனலைப் போட்டோ எடுக்கலாம், ஊருக்கு வெளியே கிணற்றடியில் ஓடும் மோட்டாரை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். அதனால்தான் வேலை எப்போதும் மாடியில் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உங்கள் ஊர்க் கணக்கு இல்லை, மாதிரிக் கணக்கு. ஆனால் இதன் அடிப்படை இயற்பியல், அது எந்த ஊருக்கும் மாறாது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க, எந்த நஷ்டமும் இல்லாவிட்டால், 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். அறுபதாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 80 லட்சம் லிட்டர் கொடுப்பதாகவும், கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை குழாய் உராய்வையும் சேர்த்து மொத்தம் 60 மீட்டர் தூக்க வேண்டியிருப்பதாகவும் வையுங்கள். நஷ்டமில்லாமல் தூக்கினால் நாளைக்கு சுமார் 1,300 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனில் ஓடினால் ஏறத்தாழ 1,870 யூனிட் ஆகும். அதே செட் தேய்ந்துபோய் 45 சதவீதத்தில் ஓடினால் 2,900 யூனிட். இரண்டுக்கும் நடுவில் நாளைக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல், வருடத்துக்கு மூன்றே முக்கால் லட்சம் யூனிட் வித்தியாசம்.

இப்போது உங்கள் 20 கிலோவாட் பேனலைப் பக்கத்தில் வையுங்கள். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருடச் சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் தரும். அப்படியானால் மாடியில் கிடைப்பது 80 யூனிட். மோட்டார் ரூமில் வீணாகும் ஆயிரம் யூனிட்டைச் சோலாரால் ஈடுகட்ட வேண்டுமென்றால் 260 கிலோவாட் வேண்டும், அதற்கு இருபத்தாறாயிரம் சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். கிலோவாட்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கோடியே முப்பது லட்சம் ஆகிறது. சரியான அளவில் புதுப் பம்பு செட்டுகள் வாங்க அவ்வளவெல்லாம் ஆகாது. பேனல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீணாவதை நிறுத்திவிட்டால் மிச்சத் தேவைக்குச் சின்னப் பேனலே போதும்.

பம்பு ஏன் 45 சதவீதத்துக்கு இறங்குகிறது? தேய்மானம் ஒரு காரணம்: பம்புக்குள் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் அரிக்கும், மணல் கலந்த தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் அரிக்கும். எரிந்துபோன மோட்டாரைத் திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்தால் அதுவும் கொஞ்சம் தின்னும். ஆனால் பெரிய காரணம் ஆரம்பத்திலேயே அளவு தப்பியது. திட்டம் போடும்போது முப்பது வருடம் கழித்து வரப்போகும் மக்கள்தொகையைக் கணக்கில் எடுப்பார்கள். அதன் மேல் பாதுகாப்புக்கு என்று கொஞ்சம் உயரம் சேர்ப்பார்கள். எஸ்டிமேட் மேலே போகப்போக ஒவ்வொரு மேசையிலும் இன்னும் கொஞ்சம் ஏறும். கடைசியில் தேவையை விடப் பெரிய பம்பு வந்து இறங்கும். ஓட்டிப் பார்த்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆபரேட்டர் என்ன செய்வார்? டெலிவரி வால்வைப் பாதி மூடிவைப்பார். மோட்டாரைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழியில்லை. அந்த வால்வில் ஆண்டு முழுக்க மின்சாரம் உராய்வாகக் கரைந்துகொண்டிருக்கும். நீரேற்று நிலையத்துக்குப் போனால் நான் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் வால்வு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

இதை அளக்கப் பெரிய கருவி இல்லாமலும் முடியும். ஃப்ளோ மீட்டர் ஓடினால் நல்லது (பல இடங்களில் மாட்டியிருக்கும், முள் அசையாது). இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியின் வெளியேறும் வால்வை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டி, தண்ணீர் மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று அளந்தால் வந்த தண்ணீர் தெரிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்து ஈபி மீட்டர் ரீடிங்கையும், டெலிவரியில் உள்ள பிரஷர் கேஜையும், கிணற்று நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டால் திறனைக் கணக்கிட்டுவிடலாம். ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகலாம். ஆனால் 45-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் நிச்சயம் தெரியும்.

மோட்டாருக்கு வெளியே குழாய் இருக்கிறது. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வழியில் கசிந்தால், அதைத் தூக்கிய மின்சாரத்திலும் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தே கசிகிறது. குழாயின் விட்டமும் முக்கியம். ஒரே அளவு தண்ணீர் போகும்போது விட்டம் கால் பங்கு கூடினால் உராய்வு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஊர் வளர்ந்து, பழைய குழாயிலேயே இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ளும் இடங்களில் பம்பை மட்டும் மாற்றினால் பலன் குறைவு. இன்னொன்று, வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவியை விற்பவர்கள் எல்லா மோட்டாருக்கும் அதை மாட்டச் சொல்வார்கள். குழாய் உராய்வை எதிர்த்துத் தண்ணீர் தள்ளும் இடத்திலும், தேவை மணிக்கு மணி மாறும் இடத்திலும் அது நன்றாக மிச்சப்படுத்தும். ஆழக் கிணற்றிலிருந்து நேரே உயரத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரில் அதனால் பெரிய லாபம் இல்லை, அங்கே சரியான பம்புதான் மருந்து.

பில்லிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எச்டி (உயர் மின்னழுத்த) இணைப்பு என்றால் யூனிட்டுக்குத் தனிக் கட்டணம், டிமாண்டுக்கு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமைக்கு, தனிக் கட்டணம். பதிவான உச்சத் தேவை, மின்வாரியத்திடம் முன்பே எழுதிக் கொடுத்த ஒப்பந்தத் தேவையின் 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்கு டிமாண்ட் சார்ஜ் கட்ட வேண்டும். பம்பைச் சின்னதாக்கிவிட்டு ஒப்பந்தத் தேவையைக் குறைக்க எழுதிக் கொடுக்காவிட்டால், பயன்படுத்தாத டிமாண்டுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் பவர் பேக்டர் 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம். பழுதான கெபாசிட்டரை மாற்றினாலே அது போய்விடும். இவை ரூபாயை மிச்சப்படுத்தும் வேலைகள், யூனிட்டைப் பெரிதாகக் குறைக்காது. இரண்டையும் கலந்து "எரிசக்திச் சேமிப்பு" என்று அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு, கவனமாகப் படியுங்கள்.

தெருவிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் தேசிய அளவில் எல்இடி தெருவிளக்குத் திட்டம் வந்த பிறகு பெரும்பாலான ஊர்கள் மாறிவிட்டன. 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்ந்து 280 வாட் வரை இழுக்கும். அந்த இடத்தில் 110 வாட் எல்இடி வந்தால், வருடத்துக்குச் சுமார் 4,200 மணி நேரம் எரிவதாக வைத்து, ஒரு விளக்குக்கு எழுநூறு யூனிட் மிச்சம். இது நிச்சயமான லாபம். மீதி இருப்பது சில்லறை வேலைகள்: பகலில் எரியும் வரிசைகள், கடிகாரம் தப்பிய டைமர்கள், பதினொரு மணிக்கு மேல் ஒளியைக் குறைப்பது. சில்லறை என்றாலும் விடாதீர்கள். டெண்டரில் மின்னல், மின்னழுத்த எழுச்சி இவற்றைத் தாங்கும் பாதுகாப்பைக் கேட்காமல் விலை குறைந்த விளக்கை வாங்கினால், ஒரு மழைக்காலத்தில் தெருவே இருட்டாகும். அப்புறம் வார்டில் யாரும் எல்இடி என்ற பேச்சையே எடுக்க விட மாட்டார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு சோலாருக்கு வாருங்கள். தெருவிளக்கு ராத்திரியில் எரிகிறது, சோலார் பகலில் தருகிறது, இரண்டும் பொருந்தாது. குடிநீர் மோட்டார் அப்படியில்லை. தண்ணீரைப் பகலில் ஏற்றித் தொட்டியில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் திறந்துவிடலாம். மேல்நிலைத் தொட்டிதான் நகராட்சியிடம் ஏற்கெனவே இருக்கும் பேட்டரி. பல ஊர்களில் பழக்கத்தால் ராத்திரியிலும் அதிகாலையிலும் மோட்டார் ஓடுகிறது. ஒன்பது மணியிலிருந்து நாலு மணிக்குள் ஏற்ற முடியுமா என்று பாருங்கள். தொட்டிக் கொள்ளளவும் கிணற்றின் ஊற்றும் போதுமானதாக இருந்தால் முடியும். நீரேற்று நிலையத்தைச் சுற்றி நகராட்சி நிலமும் பெரும்பாலும் இருக்கும். ஆபீஸ் மாடியை விட அங்கே பேனல் போடுவதுதான் பொருத்தம்.

இங்கே நிச்சயமில்லாத பகுதி விதிமுறைதான். மிஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு யூனிட் கழிப்பார்களா, குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகளும் அவ்வப்போது மாறுகின்றன. நான் இன்று சொல்வது அடுத்த வருடம் செல்லாமல் போகலாம். பொதுவாக, விளையும் நேரத்திலேயே பயன்படுத்திவிடும் யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். பகல் பம்பிங்கை வலியுறுத்துவது அதனால்தான். 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை எரிசக்தித் திறந்த அணுகல் விதிகள், வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்குவதற்கான வரம்பை ஒரு மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தன. ஒரே மின் கோட்டத்துக்குள் இருக்கும் பல இணைப்புகளைச் சேர்த்து அந்த 100-ஐ எட்டலாம் என்று பிறகு திருத்தமும் வந்தது. சின்ன நகராட்சிக்கு இது திறந்திருக்கும் கதவு. ஆனால் வீலிங் (மின்வாரியக் கம்பி வழியாகக் கொண்டுவருவதற்கான கட்டணம்), கூடுதல் கட்டணங்கள் எல்லாம் போக யூனிட்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்று அன்றைய உத்தரவை வைத்துக் கணக்குப் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள்.

காற்றாலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஒன்றரைக் கோடி ரூபாய் அளவில், பெரும்பகுதி வங்கிக் கடனில் வாங்கியது. வருடத்துக்கு ஆறேமுக்கால் லட்சம் யூனிட் வருகிறது, ஊராட்சியின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்கிறார்கள் என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. ஒரு ஊராட்சி கடன் வாங்கி, அதைத் திருப்பியும் கட்டியதை யாரும் மறுக்க முடியாது. அதில் பலர் கவனிக்காதது, அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை, தொலைவில் உடுமலைப் பக்கம் இருக்கிறது. காற்று கணவாய் வழியாகத்தான் வரும்: பாலக்காடு, செங்கோட்டை, கம்பம், ஆரல்வாய்மொழி. உங்கள் ஊர் எங்கே இருந்தாலும் காற்றாலை அங்கேதான் நிற்க வேண்டும். மேலும் விளைச்சலின் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரைதான். மீதி மாதங்களுக்குச் சேமிப்புக் கணக்கில் வைக்கும் பேங்கிங் சலுகை பழைய காலம் போல இன்று தாராளமாக இல்லை. அதனால் ஓடந்துறையை அப்படியே இன்று திரும்பச் செய்ய முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

குப்பையிலிருந்து மின்சாரம் என்று யாராவது பளபளப்பான அறிக்கையோடு வந்தால் உஷாராக இருங்கள். தில்லி திமார்பூரில் 1987-இல் டென்மார்க் உதவியோடு கட்டிய குப்பை எரி ஆலை சீக்கிரமே நின்றுபோனது. நம் குப்பையில் ஈரமும் மண்ணும் அதிகம், எரிக்கப் போதுமான வெப்பம் அதில் இல்லை. சந்தைக் காய்கறிக் கழிவு, ஓட்டல் கழிவு போன்றவற்றைத் தனியாகப் பிரித்து வாங்க முடிந்தால் சாண எரிவாயு முறையில் வாயு எடுக்கலாம். கோயம்பேடு சந்தைக்கு நாளைக்கு 30 டன் கழிவைக் கணக்கிட்டு அப்படி ஒரு ஆலை அமைத்தார்கள். அதற்குப் பிரித்த கழிவு தினமும் தவறாமல் வர வேண்டும். மூன்று நாள் பிளாஸ்டிக் கலந்த குப்பை உள்ளே போனால் ஆலை மூச்சுத்திணறும். அறுபதாயிரம் பேர் ஊரில் இதை முதன்மையாகக் குப்பைத் தீர்வாகப் பாருங்கள், மின்சாரம் அதில் கிடைக்கும் கொசுறு.

வீடுகள் விஷயத்தில் ஒரு நிஜத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேன், நாலு விளக்கு, டிவியோடு நிற்கும் வீட்டுக்கு மாடியில் சோலார் போட்டால் மிச்சப்படுத்த பில்லே இல்லை. ஏசி, வாட்டர் ஹீட்டர் என்று 500 யூனிட்டைத் தாண்டி, மேல் அடுக்கு விலை கட்டும் வீட்டுக்குத்தான் உண்மையான லாபம். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நகராட்சி செய்யக்கூடியது, அத்தகைய வீடுகளை வார்டு வாரியாக ஒரே இடத்துக்கு அழைத்து, மின்வாரியத்தையும் வங்கியையும் பதிவு பெற்ற நிறுவனங்களையும் உட்கார வைத்து முகாம் நடத்துவது. மற்ற வீடுகளுக்கு 75 வாட் ஃபேனை 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றுவதும், மொட்டை மாடியில் வெள்ளை பூசுவதும் நேரடியாகப் பலன் தரும். வெயில் ஊரில் ஃபேன் வருடம் முழுக்க ஓடுகிறது, அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

"நூறு சதவீதம் மாறிய ஊர்" என்று காட்டப்படும் உதாரணங்களின் சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். குஜராத் கரையோரம் உள்ள டையூ நூறு சதவீதம் சூரிய மின்சாரம் என்று சொல்வது பகல் நேரத் தேவைக்கு, இரவுக்கு வெளி மின்சாரம் வேண்டும். ஆஸ்திரியாவின் கூசிங் நாலாயிரம் பேர் உள்ள சிற்றூர். 1990-களில் முதலில் பொதுக் கட்டடங்களின் வெப்ப விரயத்தை அடைத்து எரிசக்திச் செலவை ஏறக்குறைய பாதியாக்கினார்கள். 2001-இல்தான் மரத்துண்டுகளிலிருந்து வாயு எடுத்து மின்சாரமும் வெப்பமும் தரும் புகழ்பெற்ற ஆலை வந்தது. அரசு உறுதியளித்த கொள்முதல் விலையின் காலம் முடிந்ததும் அந்த ஆலை நிறுத்தப்பட்டது. கட்டடங்களில் அடைத்த விரயம் எந்த விலை உத்தரவையும் நம்பி இல்லாததால் அதற்கு அந்தக் கதி வராது.

கடைசியாக, நடைமுறையில் இவை எங்கே செத்துப்போகின்றன என்பது. மூலதனத்துக்கு நிதி வரும், பராமரிப்புக்கு வராது. பேனலில் தூசி படிந்து, இன்வர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து, ஒப்பந்தக்காரர் போன் எடுக்காமல் நின்றுபோன திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மோட்டார் ரூமிலும் இதேதான் நடக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆபரேட்டருக்கு எந்தப் பலனும் இல்லை, தண்ணீர் வராவிட்டால் மட்டும் திட்டு விழும். அதனால் ஒப்பந்தத்தில் ஐந்து வருடப் பராமரிப்பைச் சேர்த்து, விளைந்த யூனிட்டுக்கு ஏற்பப் பணம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் "ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட்" என்று மாதாமாதம் பலகையில் எழுத வைத்தால், கெடும்போது உடனே தெரியும்.

உங்கள் கவுன்சிலரிடம் இதையெல்லாம் கேட்க வேண்டாம். நகராட்சியின் எல்லா மின் இணைப்புகளின் பட்டியலையும் கடந்த 24 மாத பில்களையும் மட்டும் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். யூனிட் வாரியாக இறங்குவரிசையில் அடுக்கினால், முதல் பத்து இணைப்புகளுக்குள்ளேயே உங்கள் வேலை முழுக்க இருக்கும். அந்தப் பட்டியலில் ஆபீஸ் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று இங்கே எழுதுங்கள், மேலே உள்ள மோட்டார் இணைப்புகளின் குதிரைத்திறனும் தினமும் ஓடும் மணி நேரமும் சேர்த்துப் போட்டால் எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்ல முயல்கிறேன்.